வயதும் கருத்தரிப்பும்: குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த பெண்ணுக்கு அறிவுரைகளுக்குப் பஞ்சமே இருக்காது. இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, நடக்கிறபோது நடக்கும். இவற்றில் அதிகம் கெடுதல் செய்வது அந்தக் கடைசி அறிவுரைதான். 27 வயதில் அதைக் கேட்டு ஒரு வருடம் சும்மா இருந்தால் பெரிய நஷ்டமில்லை. 38 வயதில் அதே ஒரு வருடம் மிகவும் விலை உயர்ந்தது. வயதைப் பற்றிப் பேசினால் பயமுறுத்துவதுபோல் ஆகிவிடுமோ என்று பலரும் தயங்குகிறார்கள். நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை என்று நான் நினைக்கிறேன். எந்த வயதில் என்ன மாறுகிறது, எத்தனை மாதம் நீங்களாக முயலலாம், எப்போது பரிசோதனைக்குப் போக வேண்டும், கையில் வரும் ரிப்போர்ட்டில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆணுக்கு விந்தணுக்கள் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு அப்படியில்லை. அவள் தன் தாயின் வயிற்றில் 20 வாரக் கருவாக இருக்கும்போது அவளுடைய சினைப்பைகளில் 60, 70 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். அதுதான் உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பருவமடையும்போது 3 முதல் 5 லட்சம், 37 வயதில் சுமார் 25,000, மாதவிடாய் நிற்கும் சராசரி வயதான 51 வாக்கில் சுமார் ஆயிரம் என்று அது இறங்கிக்கொண்டே வரும். வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் வெளியாகிறவை 400, 500 முட்டைகள்தான். மற்றதெல்லாம் தானாகவே கரைந்துபோகும். கர்ப்பமாக இருக்கும்போதும் கரையும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் கரையும். மாத்திரை சாப்பிட்ட வருடங்களில் முட்டைகள் மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். மாத்திரை முட்டைகளைக் கெடுத்துவிட்டது என்றும் வருந்தாதீர்கள். இரண்டுமே உண்மையில்லை.

எண்ணிக்கை குறைவதைவிட முக்கியமானது முட்டையின் தரம். கருமுட்டை தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்கும் வேலையை, அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே தொடங்கி நடுவில் நிறுத்திவைத்திருக்கும். அது வெளியாகும் மாதத்தில்தான் விட்ட இடத்திலிருந்து வேலை மறுபடி ஆரம்பிக்கும். அதாவது 42 வயதில் வெளியாகும் முட்டை, 42 வருடமாக அந்தப் பாதி நிலையில் காத்திருந்த முட்டை. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் இவ்வளவு காலத்தில் தளர்ந்துவிடுகின்றன. பிரியும்போது ஒன்று கூடிவிடும் அல்லது ஒன்று குறைந்துவிடும். அப்படிப்பட்ட முட்டை பெரும்பாலும் கருவாக வளராது. வளர்ந்தாலும் கருப்பையில் தங்காது. தங்கினாலும் பல நேரம் கலைந்துவிடும். வயது கூடக்கூடக் கருத்தரிப்பது கடினமாவதற்கும், கருச்சிதைவு கூடுவதற்கும், டவுன் சிண்ட்ரோம் போன்றவை கூடுவதற்கும் பெரும்பாலும் இந்த ஒரே காரணம்தான்.

இதைச் சரிசெய்யும் மருந்தோ, டானிக்கோ, பொடியோ, யோகாசனமோ இன்றுவரை இல்லை. உடற்பயிற்சியும் நல்ல சாப்பாடும் உங்களுக்கு நிச்சயம் நல்லது, ஆனால் முட்டையின் வயதை அவை குறைக்காது. 40 வயதிலும் மாரத்தான் ஓடுகிற பெண்ணுக்கும் முட்டைக்கு 40 வயதுதான்.

2. எண்களைப் பதறாமல் பாருங்கள்

20-களின் நடுவில் இருக்கும் ஆரோக்கியமான பெண், சரியான நாட்களில் உறவு கொண்டால், ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம். 30 வயதில் சுமார் 20 சதவீதம். 40 வயதில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோ. முதல் எண்ணை நன்றாகக் கவனியுங்கள். மிகச் சிறந்த வயதில்கூட நான்கு மாதத்தில் மூன்று மாதம் ஏமாற்றமாகத்தான் முடியும். அதனால் மூன்று மாதம் முயன்று பலிக்கவில்லை என்பதற்காக 26 வயதுப் பெண் கலங்க வேண்டியதில்லை.

மாதக் கணக்கில் சின்னதாகத் தெரிவது வருடக் கணக்கில் கூடிவிடும். பிரான்ஸின் மக்கள்தொகை ஆய்வாளர் ஹென்றி லெரிடான் 2004-ல் ஒரு கணிப்பு வெளியிட்டார். சிகிச்சை எதுவும் இல்லாமல் முயன்றால், குழந்தைப் பிறப்பில் முடியும் கர்ப்பம் ஒரு வருடத்துக்குள் கிடைப்பது 30 வயதில் தொடங்குவோரில் 75 சதவீதத்தினருக்கு, 35-ல் தொடங்குவோரில் 66 சதவீதத்தினருக்கு, 40-ல் தொடங்குவோரில் 44 சதவீதத்தினருக்கு. நான்கு வருடம் கொடுத்தால் இவை 91, 84, 64 என்று உயரும். 35 வயது என்பது கதவை மூடிவிடும் நாள் இல்லை என்று இதிலிருந்து புரியும். 35-க்குப் பிறகு சரிவு வேகமெடுக்கிறது, 37, 38-க்குப் பிறகு இன்னும் வேகமெடுக்கிறது, அவ்வளவுதான்.

அதே கணிப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 30-லிருந்து 35-க்குத் தள்ளிப்போட்டதால் இழக்கும் பிறப்புகளில் பாதியைத்தான் ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் சிகிச்சை) ஈடுகட்டும். 35-லிருந்து 40-க்குத் தள்ளிப்போட்டால் 30 சதவீதத்தைக்கூட ஈடுகட்டாது. கடைசியில் ஐ.வி.எஃப். இருக்கவே இருக்கிறது என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருச்சிதைவு: நார்வே நாட்டின் பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயதுக்குள் 10 சதவீதமாக இருந்த கருச்சிதைவு, 45-ஐத் தாண்டியவர்களிடம் 53 சதவீதமாக இருந்தது. டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250-ல் ஒன்று, 35-ல் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று. இதைத் திருப்பியும் படியுங்கள்: 40 வயதில்கூட நூற்றில் 99 குழந்தைகளுக்கு அது இல்லை.

3. எத்தனை குழந்தை வேண்டும் என்று இப்போதே பேசுங்கள்

இந்தக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் எப்போது தொடங்குவது என்பதை முடிவு செய்வது இதுதான். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். நினைத்த எண்ணிக்கையை ஐ.வி.எஃப். இல்லாமல் எட்டுவதற்கு 90 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், ஒரு குழந்தைக்கு 32 வயதுக்குள்ளும், இரண்டு குழந்தைகளுக்கு 27-க்குள்ளும், மூன்றுக்கு 23-க்குள்ளும் முயற்சியைத் தொடங்க வேண்டும். தேவைப்பட்டால் ஐ.வி.எஃப். செய்துகொள்ளத் தயார் என்றால் 35, 31, 28. பாதிக்குப் பாதி வாய்ப்பு போதும் என்பவர்கள் ஐ.வி.எஃப். இல்லாமலே 41, 38, 35 வரை போகலாம்.

இந்த எண்கள் யாரையும் விரட்டுவதற்காக இல்லை. படிப்பு, வேலை, சரியான துணை, பணம் எல்லாம் ஒரே நேரத்தில் கைகூடி வருவது அபூர்வம். ஆனால் 33 வயதில் இரண்டு குழந்தை வேண்டும் என்று நினைக்கிற தம்பதிக்கும், ஒன்று போதும் என்கிற தம்பதிக்கும் அவசரம் ஒன்றல்ல. அதைத் தெரிந்துகொண்டு தள்ளிப்போடுவது வேறு, தெரியாமல் தள்ளிப்போடுவது வேறு.

முதல் குழந்தை சுலபமாகப் பிறந்தது என்பதால் இரண்டாவதும் அப்படியே வரும் என்று இருந்துவிடாதீர்கள். 31-ல் மூன்றே மாதத்தில் கருத்தரித்தவருக்கு 38-ல் ஒரு வருடமாகியும் தங்காமல் போகலாம். இதுவும் குழந்தையின்மைதான், இதற்கும் அதே பரிசோதனைகள்தான். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அதற்காக மாதங்களை விட்டுவிட வேண்டாம்.

4. முயற்சிக்கு மூன்று மாதம் முன்பே செய்ய வேண்டியவை

ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம். குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை. குழந்தையின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது, அதனால்தான் முன்கூட்டியே சாப்பிடச் சொல்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள், முன்பு அத்தகைய குறையுடன் குழந்தை பிறந்தவர்கள் ஆகியோருக்கு அளவு பல மடங்கு அதிகம். டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ரூபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே போட்டு, ஒரு மாதம் கழித்து முயலுங்கள். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். முகப்பரு, வலிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகள் கருவைப் பாதிக்கும்.

புகையிலையைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஒன்று முதல் நான்கு வருடம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. முட்டை விஷயத்தில் நம் கையில் இருக்கும் சில விஷயங்களில் இது பெரியது. கணவர் பிடித்தாலும் வீட்டுக்குள் அந்தப் புகை உங்களுக்கும்தான்.

கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசியை நிறுத்தினாலும் முட்டை வெளியாவது திரும்ப வரப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். 36 வயதில் திட்டமிடுகிறவர் இதை முன்னாலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரைக்கும் காப்பர்-டிக்கும் இந்தத் தாமதம் கிடையாது.

5. நாட்களைச் சரியாகக் குறியுங்கள்

கருத்தரிக்க முடிவது மாதத்தில் ஆறே நாட்கள்தான்: முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். எனவே முட்டை வருவதற்கு முன்பே விந்தணு போய்க் காத்திருக்க வேண்டும். முட்டை வெளியான மறுநாளிலிருந்து அந்த மாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இங்கேதான் வயது ஒரு சின்ன வேலை செய்கிறது. 30-களின் கடைசியில் பலருக்கு மாதவிடாய்ச் சுழற்சி இரண்டு மூன்று நாள் சுருங்கும். 28 நாளாக இருந்தது 26 ஆகும், சிலருக்கு 25. முட்டைகள் குறையும்போது மூளையிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் கூடுவதால் முட்டை சீக்கிரமே முதிர்ந்துவிடுகிறது. முட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். 26 நாள் சுழற்சியில் அது 12-ஆம் நாள். ஆக, வாய்ப்புள்ள நாட்கள் 7 முதல் 12 வரை. ஆனால் எல்லோரும் சொல்லும் 14-ஆம் நாளை நம்பி 13, 14, 15 என்று குறித்துவைக்கிற பெண், ஒவ்வொரு மாதமும் எல்லாம் முடிந்த பிறகே முயல்கிறாள். ஆறு மாதம் இப்படிப் போய்விட்டதென்றால் உடலில் எந்தக் குறையும் இல்லாமலேயே ஆறு மாதம் போய்விட்டது.

அதனால் கடைசி மூன்று மாத சுழற்சிகளின் நீளத்தை எழுதிவைத்து, மிகக் குறுகியதை வைத்துக் கணக்கிடுங்கள். வெள்ளைப்படுதல் வழவழவென்று, பச்சை முட்டையின் வெள்ளைக்கருபோல் இழுத்தால் நூலாக வரும் நாட்கள்தான் சிறந்த நாட்கள். இதைவிட நல்ல அறிகுறி இல்லை, செலவும் இல்லை. சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் கூடுவதைக் கண்டுபிடிக்கும் ஸ்ட்ரிப் கருவி பாசிட்டிவ் காட்டினால் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். பி.சி.ஓ.எஸ். (முட்டை ஒழுங்காக வெளியாகாமல், மாதவிடாய் தள்ளிப்போகும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களுக்கு அது தவறாகக் காட்டக்கூடும். காலையில் உடல் வெப்பம் பார்க்கும் முறை முட்டை வெளியான பிறகுதான் சொல்லும் என்பதால் அந்த மாதத்துக்கு உதவாது.

இவ்வளவு கணக்கும் பார்க்கப் பிடிக்கவில்லையா? சரி, அந்த மாத ரத்தப்போக்கு நின்றதிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை உறவு கொண்டாலே போதும், எந்த நாளும் தப்பாது. உறவுக்குப் பின் காலைத் தூக்கிப் படுத்திருப்பது, எந்த நிலையில் உறவு என்பதெல்லாம் தேவையில்லாத கவலை. கடையில் கிடைக்கும் வழவழப்பு ஜெல்களில் பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

6. எத்தனை மாதம் காத்திருக்கலாம்

35-க்குக் கீழே: 12 மாதம். 35 முதல் 39 வரை: 6 மாதம். 40 அல்லது அதற்கு மேல்: காத்திருக்கவே வேண்டாம், முயற்சியைத் தொடங்கும்போதே ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

எந்த வயதானாலும் உடனே போக வேண்டியவர்களும் உண்டு. மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வருகிறவர்கள் அல்லது நின்றுவிட்டவர்கள். மாதவிடாயின்போதோ உறவின்போதோ தாங்க முடியாத வலி உள்ளவர்கள் (எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயாக இருக்கலாம்). இடுப்புப் பகுதியில் தொற்று, கருக்குழாயில் கர்ப்பம், சினைப்பை அறுவை சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை என்று ஏதாவது கடந்து வந்தவர்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40-க்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். நூற்றில் ஒரு பெண்ணுக்காவது அப்படி நடக்கிறது, குடும்பத்தில் வருவதும் உண்டு. இரண்டு முறை கரு கலைந்திருந்தாலும் போய்விடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்குப்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திப்பவர்கள் ஆறில் ஒருவர். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

7. முதல் நாளே இருவரும் போங்கள்

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி எல்லாம் முடிந்து, ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டு முடித்த பிறகு கணவரின் விந்துப் பரிசோதனை நடப்பது இன்னும் நின்றபாடில்லை. அந்தப் பரிசோதனைக்கு ஊசிகூட வேண்டாம். 37 வயதுப் பெண் அந்த ஒரு வருடத்தை இழப்பது அநியாயம்.

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி விட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறைப்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 5 சதவீதம் என்று வந்ததைப் பார்த்து 95 சதவீதம் குறையா என்று பதறுகிறவர்கள் நிறைய. 5 என்பது இயல்புதான். சரியாக வரவில்லையென்றால் மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆவதால், நடுவில் வந்த கடுமையான காய்ச்சல்கூட ரிப்போர்ட்டைக் கெடுத்திருக்கும். உடற்கட்டுக்காகவோ களைப்புக்காகவோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிற ஆண்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. விந்தணு உற்பத்தியையே அது நிறுத்திவிடும்.

ஆணுக்கும் வயது உண்டு. 40, 45-க்குப் பிறகு கருத்தரிக்க அதிக காலம் பிடிக்கிறது, கருச்சிதைவும் கொஞ்சம் கூடுகிறது. பெண்ணின் அளவுக்குச் சரிவு இல்லை, அவ்வளவுதான்.

8. பெண்ணுக்கான பரிசோதனைகளும் ரிப்போர்ட்டைப் படிப்பதும்

வழக்கமாக நடப்பவை இவை. மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையால் (சினைப்பை சுரக்கும் ஹார்மோன்). எந்த நாளிலும் ஏ.எம்.எச். (சினைப்பையின் சிறு முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்), தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்). பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் சினைப்பையில் தெரியும் சிறு முட்டைப்பைகளின் எண்ணிக்கை, கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, பாலிப் உண்டா என்பது. கருக்குழாய் அடைப்பைப் பார்க்க எச்.எஸ்.ஜி. என்னும் சாய எக்ஸ்ரே, அந்த மாத ரத்தப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளியாகும் முன். முட்டை வெளியானதா என்று பார்க்கப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். இதை 21-ஆம் நாள் பரிசோதனை என்பார்கள், ஆனால் அது 28 நாள் சுழற்சிக்கு. 26 நாள்காரருக்கு 19-ஆம் நாள், 33 நாள்காரருக்கு 26-ஆம் நாள். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறான நாளில் எடுத்து, முட்டையே வெளியாகவில்லை என்ற முடிவோடு மருந்து தொடங்குவது நடக்கிற தவறு.

ரிப்போர்ட்டுகளில் அதிகம் தூக்கத்தைக் கெடுப்பது ஏ.எம்.எச். அது சொல்வது ஒன்றைத்தான்: பையில் எத்தனை விதை மிச்சம் இருக்கிறது. எத்தனை விதை முளைக்கும் என்பது அதில் இருக்காது. அதைச் சொல்வது வயது. 29 வயதுப் பெண்ணுக்கு ஏ.எம்.எச். 0.8, 41 வயதுப் பெண்ணுக்கு 2.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் பெண் அழுதுகொண்டு வருவார், இரண்டாமவர் நிம்மதியாகப் போவார். இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்போ முதல் பெண்ணுக்குத்தான் அதிகம். குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்து 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களும் இயல்பாக இருந்தவர்களும் ஒரே அளவில்தான் கருத்தரித்தார்கள். அந்தப் பரிசோதனைக்கு நிஜமான பயன், ஐ.வி.எஃப்.-ல் ஹார்மோன் ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிப்பதில்தான். இளம் வயதிலேயே மிகக் குறைவாக இருந்தால், குழந்தையை ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள் என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 7 பிகோமோல் என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். 7-லிருந்து 1-க்கு இறங்கிவிட்டது என்று வீணாகப் பயந்தவர்கள் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்தால் ஏ.எம்.எச். குறைவாகக் காட்டும். பி.சி.ஓ.எஸ். இருந்தால் அதிகமாகக் காட்டும். எஃப்.எஸ்.எச்.-ஐத் தனியாகப் படிக்காதீர்கள். ஈஸ்ட்ரடையால் அதிகமாக இருந்தால் அது எஃப்.எஸ்.எச்.-ஐ அமுக்கி நல்ல எண்ணாகக் காட்டிவிடும்.

எண்டோமெட்ரியோசிஸ் நீர்க்கட்டியை அறுவை செய்ய வேண்டும் என்று சொன்னால், அதற்கு முன் ஏ.எம்.எச். பார்த்து, அறுவையால் எவ்வளவு முட்டை போகும் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். கட்டியோடு சேர்த்து நல்ல பகுதியும் போய்விடுவது உண்டு.

9. சிகிச்சையை வயதுக்குத் தக்கபடி தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்து, வயதும் 30-க்குள் என்றால் இன்னும் கொஞ்ச நாள் இயற்கையாக முயலச் சொல்வார்கள், அது நியாயமான அறிவுரை. பி.சி.ஓ.எஸ். காரணமாக முட்டை வெளியாகவில்லை என்றால் லெட்ரோசோல் மாத்திரை முதல் தேர்வு. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் சிலருக்கு 35-ஐ ஒட்டி மாதவிடாய் தானாகவே ஒழுங்காவதும் உண்டு.

38-ஐத் தாண்டியவர்களுக்கு அணுகுமுறை மாற வேண்டும். 38 முதல் 42 வயதுள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், மாத்திரையோ ஊசியோ கொடுத்து ஐ.யு.ஐ. (விந்தணுவை நேரே கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்து பார்த்துவிட்டு ஐ.வி.எஃப்.-க்குப் போனவர்களைவிட, நேரே ஐ.வி.எஃப். தொடங்கியவர்கள் குறைவான சுற்றுகளிலேயே கருவுற்றார்கள். 39 வயதில் ஐ.யு.ஐ.யை ஆறு முறை செய்யலாம் என்று சொல்லும் இடத்தில், ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

ஐ.வி.எஃப்.-ம் முட்டையின் வயதை மாற்றுவதில்லை. பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், சொந்த முட்டையில் உருவான ஒரு கருவைக் கருப்பையில் வைத்தால் அது குழந்தையாவது 35-க்குக் கீழே சுமார் மூன்றில் ஒன்று, 40-42 வயதில் சுமார் பத்தில் ஒன்று, 43-க்கு மேல் இருபதில் ஒன்று அளவுக்குத்தான். இளம் பெண்ணின் தானமுட்டையை வைத்தால் வாய்ப்பு முட்டை தந்தவரின் வயதைப் பொறுத்து அமையும். 45 வயதுப் பெண்ணுக்கும் நல்ல பலன் கிடைக்கும், கருப்பைக்கு அந்த அளவு வயதாவதில்லை. பிரபலங்கள் 46, 47-ல் தாயான செய்திகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். எந்த முட்டை என்பது செய்தியில் வராது. தானமுட்டை என்பது ஒரே நாளில் முடிவெடுக்கும் விஷயம் இல்லை. இருவரும் பேசி, அழுது, யோசித்து வர வேண்டிய முடிவு. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைப் பெண்ணிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை மையத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். என் வயதில், தொடங்கிய சுற்றுகளில் எத்தனை குழந்தைப் பிறப்பில் முடிந்தன? (கர்ப்ப டெஸ்ட் பாசிட்டிவ் ஆன கணக்கு வேண்டாம்.) எத்தனை கருவை வைப்பீர்கள்? ஒன்றுக்கு மேல் வைத்தால் இரட்டைக் கர்ப்பமும் குறைப்பிரசவமும் கூடும். சினைப்பையில் பி.ஆர்.பி. ஊசி (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்களைச் செலுத்துவது), முட்டைக்கு இளமை திரும்பும் சிகிச்சை என்று யாராவது சொன்னால், அதற்குப் போதுமான ஆதாரம் இன்னும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். எத்தனை சுற்று வரை போவது, எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் சுற்றுக்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. தோற்றுப்போன ஒரு சுற்றின் மறுநாளில் அதை முடிவு செய்வது மிகக் கடினம்.

10. இப்போது வேண்டாம், பிறகு வேண்டும் என்பவர்களுக்கு

முட்டையை உறைய வைப்பது 2012-லிருந்து அமெரிக்காவில் பரிசோதனை முறை என்ற பட்டியலில் இல்லை. ஆனால் அது உத்தரவாதமும் இல்லை. ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேண்டும் என்றால் எத்தனை முதிர்ந்த முட்டை தேவை என்று 2017-ல் ஒரு கணக்கு வந்தது: 34 வயதில் எடுத்தால் 10, 37-ல் 20, 42-ல் 61. வயது கூடக்கூட ஒரு சுற்றில் கிடைக்கும் முட்டைகளும் குறைவு என்பதால் 42-ல் அந்த 61 ஏறக்குறைய நடக்காத காரியம். எடுப்பதானால் 35-க்குள் எடுப்பது நல்லது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்கப்போகிறவர்கள், வயது எதுவாக இருந்தாலும், சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

குழந்தையே வேண்டாம் என்று இருக்கும் 40-களின் பெண்களுக்கு ஒன்று: வாய்ப்பு குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. 50-ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு வருடமும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டு வருடமும் மாதவிடாய் வராமல் இருக்கும்வரை கருத்தடை தேவை.

11. டெஸ்ட் பாசிட்டிவ் வந்த பிறகு

35-ஐத் தாண்டிக் கருவுற்றவர்களில் பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். கவனிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். 6, 7 வாரத்தில் முதல் ஸ்கேன், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க. கருக்குழாய்க் கர்ப்பம் வயதோடு கூடுவதால், ஒரு பக்கமாக வயிற்றில் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

10-ஆம் வாரத்திலிருந்து தாயின் ரத்தத்திலேயே குழந்தையின் குரோமோசோம் குறைகளைத் தேடும் என்.ஐ.பி.டி. பரிசோதனை உண்டு. 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்துப் பகுதியை அளக்கும் ஸ்கேன். இவை வாய்ப்பைத்தான் சொல்லும். உறுதிப்படுத்த நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். செய்துகொள்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த வயதில் கர்ப்பத்தில் எட்டிப்பார்க்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் சர்க்கரைப் பரிசோதனையை முன்கூட்டியே கேளுங்கள். முதல் பிரசவம், 35-க்கு மேல் வயது, உடல் எடை அதிகம், இரட்டைக் குழந்தை என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்திருந்தால், ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எனக்குத் தேவையா என்று 12-ஆம் வார வருகையிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு நல்ல பலன்.